குறிக்கோளும் ஆள்வினையும்

(சைவ பாடசாலை ஆசிரியர்கட்கு ஒரு பாடம்)

மாத்தளையினின்று பல்லேகம என்னும் ஊருக்குச் செல்லும் மலைவழி, இரத்தோட்டையைக் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரிலே ரிவஸ்டன் என்னும் கணவாய்வரை ஏறி, அப்பால் இலுக்கும்புரவுக்கு இறங்கி, அதன்மேற் பல்லேகமவைச் சேர்வது. பல்லேகம என்னுஞ் சிங்களப் பெயருக்குக் கீழூர் என்பது பொருள். கீழூருக்குப் போகப் புறப்பட்டவன் முதலிலே மேலே ஏறவேண்டியிருப்பது அவ்வழியின் இயல்பு. ஏறுங்கால் ஊர் கண்ணுக்குப் புலனாகாது. மேகங் கவிந்து, காற்று மரங்களை வளைத்து, அடுத்த முடக்குத்தானும் தெரியாத நாள்களும் பல. ஆயினும், ஊர் தெரியவில்லையே என்று பேருந்தினின்றும் இடைவழியில் இறங்கியவர் ஒருவரையும் யாம் கண்டதில்லை. சேருமிடம் இன்னதென்பதைச் சீட்டு வாங்கும்போதே அவர்கள் சொல்லிவிட்டார்கள். கணவாயைத் தாண்டியபின்னரோ காற்றும் மரமும் வெயிலும் வேறாகின்றன. ஈரநாடு கழிந்து வறள்நிலம் தொடங்குகின்றது. அப்பொழுதுதான் தாம் எவ்வளவு வந்துவிட்டோம் என்பது ஏறினவர்க்குத் தெரிகின்றது.

இவ்வழியை யாம் வகுப்பிலே குறிக்கோள் என்பதனை விளக்குதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வதுண்டு. "நல்ல ஊர் ஒன்றுக்கு ஒரு சீட்டுத் தருக" என்று நடத்துநரைக் கேட்பான் ஒருவன் உளனாயின் அவர் யாது செய்வார் என்று வினாவினால் மாணாக்கர் நகைப்பர். நகைத்து முடிந்தபின், அவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளை எடுத்துக் காட்டுவோம். "நான் வளர்ந்து பெரியவனாக வருவேன்", "நான் நாட்டுக்கு நன்மை செய்வேன்", "நான் நன்றாகப் படிப்பேன்" என்பன அவற்றிற் காணப்படும் வாக்கியங்கள். இவையெல்லாம் நல்ல ஊருக்கு வாங்கிய சீட்டுக்களே. ஊரின் பெயர் இல்லை.

குறிக்கோள் என்னுஞ் சொல்லையே சிறிது நோக்குக. கோள் என்பது கொள் என்னும் முதனிலை நீண்டு நின்ற தொழிற்பெயர். குறியைக் கொள்ளுதல் குறிக்கோளாயிற்று. எனவே குறி வேறு, அதனைக் கொள்ளுதல் வேறு என்பது அச்சொல்லினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. மலையுச்சி ஒரு குறி. அதனைப் பார்த்து வியப்பவன் அதனைக் கொண்டவனாகான். விருப்பத்துக்கும் குறிக்கோளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. விருப்பம் கண்ணோடு நின்றுவிடும். குறிக்கோளோ கையையும் காலையும் பற்றி இழுக்கும்.

திருவள்ளுவர் இப்பொருளை ஓரிடத்தில் மாத்திரம் கூறி விட்டாரல்லர். அரசியலிலே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கதிகாரங்களைத் தொடர்ந்து வைத்தார். பின்னர் அமைச்சியலிலே வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்றதிகாரங்களை வைத்தார். இவ்வடைவை ஆசிரியர் ஊன்றி நோக்கல் வேண்டும். எடுத்த வினை தூயதோ என்பது முன். அதிலே மனம் உறுதியாக நிற்றல் அதன் பின். செய்யும் வகை அதற்கும் பின். இக்காலத்திலே முன்னேற்றத்துக்கு வழி கூறும் புத்தகங்கள் பெரும்பாலும் மூன்றாவதிலே தொடங்கி மூன்றாவதிலேயே முடிகின்றன. செயல்வகைக்கு அட்டவணைகள் தருகின்றன. எதனைச் செய்வது என்பதை அவை நம்மிடமே விட்டுவிடுகின்றன. அன்றியும், ஆள்வினையுடைமைக்கு அடுத்ததாக இடுக்கணழியாமை நிற்பதும் கருதத்தக்கது. முயற்சி என்று சொன்ன வாய் மூடுமுன் இடுக்கண் வந்துவிடும் என்பதனை அவர் அறிந்திருந்தார்.

இனி, இதனை ஒருவர் வாழ்க்கையிலே வைத்துப் பார்ப்போம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களின் சரித்திரம் ஆசிரியர்கட்குப் புதியதன்று. ஆண்டுதோறும் குருபூசையிலே கேட்பதுதான். ஆனால் நாம் அதனை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். இத்தனை நூல் பதிப்பித்தார், இத்தனை பாடசாலை தாபித்தார், ஆதலால் அவர் பெரியவர் என்கின்றோம். இளைஞராகிய ஒருவர் தம் முன்னே ஒன்றுமில்லாதபோது என்ன எண்ணினார், மறுநாட் காலையில் யாது செய்தார் என்பதே மாணாக்கனுக்கு வேண்டியது.

அவர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் திகதி நல்லூரிலே பிறந்தவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமாகிப் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதிலே துணையாயிருந்தார். 1842 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே சைவர் இருநூற்றுவர் வரையிற் கூடி, சைவ சாத்திரங்களைக் கற்பிக்க ஒரு பாடசாலையும் ஓர் அச்சியந்திரமும் வேண்டுமென்று ஆலோசித்தனர். அக்கூட்டத்தோடு தொடர்புடையராயிருந்த நாவலரவர்கட்கு அப்பொழுது வயசு பத்தொன்பது. இருநூற்றுவர் கூடி எண்ணியது நன்றே. ஆயினும், அவர் தமக்கென ஓர் அச்சியந்திரத்தைப் பெற்றது 1849 ஆம் ஆண்டிலேயாம். இடையிலே கழிந்தவை ஏழாண்டுகள். கூட்டத்திலே பிறந்த விருப்பம் ஒருவர் கையிலே குறிக்கோளாவதற்கு இத்துணைக் காலஞ் சென்றது. சங்கக் கூட்டங்களிலே தீர்மானம் நிறைவேற்றிக் கைதட்டி வீடு செல்லும் நம்மவர்க்கு இவ்வேழாண்டுக் கணக்கு நினைவிலிருக்கத் தக்கது. யாமும் அங்ஙனம் கைதட்டினவர்களுள் ஒருவேம்.

அவர் முதலிலே செய்தது யாது? 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே ஒரு பிரசங்கஞ் செய்தார். அவ்வளவே. மறு வெள்ளிக்கிழமையும் செய்தார். அதன் பின்னும் வெள்ளிக்கிழமைதோறும் அது நடந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடனின்று பிரசங்கித்தார். நாடெங்கும் சைவம் தழைக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்னலாம். அவ்விருப்பத்துக்கு நாளுமில்லை, இடமுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை என்பதற்கு நாளுண்டு. வண்ணார்பண்ணை என்பதற்கு இடமுண்டு. தவறினால் தவறிற்று என்று ஊரார் அறிவர். குறிக்கோளுக்கு இலக்கணங் கூறப் புகுந்தால் இதனினும் தெளிவாக யாம் கூறவல்லேமல்லேம்: நிறைவேறியதோ இல்லையோ என்பது பிறரும் அறியக்கூடியதாயிருத்தல் வேண்டும்.

1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே பேர்சிவல் பாதிரியாரிடத்து வகித்த உத்தியோகத்தையும் விட்டார். மிஷன் பாடசாலை உத்தியோகம் அக்காலத்திலே எளிதிற் கிடைப்பதன்று. அதனைப் படியாகக்கொண்டு அரசாங்க சேவைக்கு ஏறினோர் பலர். முயற்சி என்றவுடன் நாம் செய்வனவற்றையே எண்ணுகின்றோம். விடுவனவும் முயற்சியிற் பாதி என்பதனை மறந்துவிடுகின்றோம். இரண்டு ஊருக்கும் ஒருசேரச் சீட்டு வாங்குவாரில்லை. ஆயினும் இங்கே ஆசிரியர்கட்கு ஓர் எச்சரிக்கை கூறுவோம். நாவலரவர்கள் இல்லறத்திற் புகாது நின்றார்கள் என்பதனையும் சேர்த்து, குறிக்கோள் உடையோன் யாவற்றையுந் துறத்தல் வேண்டும் என்று சிறுவர்க்குப் போதித்தல் ஆகாது. பத்து வயசுப் பிள்ளை விடவேண்டியது பெரும்பாலும் அந்திவேளையிலே அரைமணி நேரத் தொலைக்காட்சியே.

வித்தியாசாலை தொடங்கியது. தொடங்கியவுடனே அடுத்த தடை தோன்றிற்று: படிப்பிக்கப் புத்தகமில்லை. ஏட்டுச் சுவடியை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்றாக எழுதிக்கொடுத்தல் இயலாது. மிஷன் அச்சுக்கூடங்களிலிருந்து வந்த புத்தகங்களோ அவர் கருதிய கல்விக்குப் பொருந்தா. ஆகவே புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். அச்சியந்திரத்துக்குச் சென்னபட்டணம் போகவேண்டும். போவதற்குத் துணையும் பொருளும் வேண்டும். 1849 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே தம் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையோடு கடல் கடந்தார். அப்பிரயாணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். பட்டத்தைக் குருபூசைப் பேச்சுக்களில் விரித்துரைக்கின்றோம். அவர் புறப்பட்ட காரணமாகிய இயந்திரத்தை ஒரு வரியிற் கூறி விடுகின்றோம். சென்னபட்டணத்திலே இயந்திரத்தை வாங்கி, அங்கேயே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டு, பின்னரே யாழ்ப்பாணம் மீண்டார். வித்தியாநுபாலன யந்திரசாலை என்பது அவ்வச்சுக்கூடத்தின் பெயர்.

இப்பகுதியே இப்பாடத்தின் நடுவென்று கொள்க. சேருமிடத்தினின்று பின்னோக்கி எண்ணி வருதல் என்பது இதுதான். 'சைவப் பிள்ளைகள் நன்கு கற்கவேண்டும்' என்பதற்கு முன் யாது வேண்டும், அதற்கு முன் யாது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தால், கடைசியிலே நாளைக் காலையிற் செய்யக்கூடிய சிறுவேலை ஒன்றிலே வந்து நிற்போம்: மூட்டை கட்டுதல், தோணிக்கு ஆள்விடுதல் போல்வன. பெரிய எண்ணம் கைவிடப்படுவது பெரும்பாலும் அது பெரியதாயிருத்தலாலன்று; நாளைக் காலைக்கு அதிலே வேலை ஒன்றும் இல்லாமையாலேயாம்.

அச்சியந்திரம் கைக்கு வந்தது. திருக்குறளைப் பரிமேலழகருரையோடு பதிப்பிக்க வல்ல புலவர் ஒருவர் அதனைக்கொண்டு பாலபாடங்களையும் அச்சிட்டார். 1850 ஆம் ஆண்டு முதலாகப் பாலபாடங்கள் வெளிவரத் தொடங்கின. முதற் பாலபாடம் எழுத்திலும் சிறு சொற்களிலும் தொடங்குகின்றது. நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கடவுள், ஆன்மா என்னும் பொருள்களிலே தனிக் கட்டுரைகளை வாசிக்கின்றோம். பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டது 1852 ஆம் ஆண்டு. பரிமேலழகருரை வெளிவந்தது 1861 ஆம் ஆண்டு. எழுத்துக்கும் பரிமேலழகருக்கும் நடுவே ஏறக்குறையப் பத்தாண்டு நிற்கின்றது. இதனை மாணாக்கர்க்கு ஒரு கோடு வரைந்து காட்டுக. கரும்பலகையின் ஒரு முனையில் 'அ' என எழுதி, மறுமுனையில் 'பரிமேலழகர்' என எழுதி, நடுவே ஆண்டுகளை இடுக. உரையினும் அக்கோடு நன்கு பேசுவதை யாம் கண்டிருக்கின்றோம்.

பொருள்முடை அவரை விட்டு நீங்கியதே இல்லை. பிடியரிசி திரட்டியும், புத்தகம் விற்றும், செல்வர்களை வேண்டியும் பாடசாலையை நடத்தினார். மிஷன் பாடசாலைகட்குக் கிடைத்த அரசாங்க நன்கொடை அவருடைய வித்தியாசாலைக்குப் பல்லாண்டு கிடைத்திலது. அந்நிலையிலும் சிதம்பரத்திலே 1864 ஆம் ஆண்டு இன்னொரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இது மிகையான துணிவு என்று அக்காலத்தவர் சிலர் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அங்ஙனமே எண்ணியிருப்போம்.

தோல்வியையும் மறைக்காது சொல்லுக. சைவப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்றற்பொருட்டு மிஷன் பாடசாலையையே நாடுகின்றார்கள் என்று கண்டு, 1872 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் ஒரு சைவாங்கில வித்தியாசாலையைத் தாபித்தார். அது சில ஆண்டுகளுள் மூடப்பட்டது. பிறர் சிலர் இதனைச் சரித்திரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிடுகின்றனர். அது பெருந்தவறு. தோல்வியில்லாத சரித்திரத்தைக் கேட்ட பிள்ளை, தன் முதற் தோல்வியிலே தான் அப்பெரியவரின் இனத்தவனல்லன் என்று முடிவுசெய்துவிடும். அவர் 1879 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5 ஆந் திகதி சிவபதமடைந்தபோது அக்குறை குறையாகவே இருந்தது. 1888 ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றி, 1890 ஆம் ஆண்டளவில் இந்து உயர்தரப் பாடசாலை நிலைபெற்று, அதுவே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. மூடிய கதவு வேறோரிடத்திலே வேறு கைகளாலே திறக்கப்பட்டது.

இவ்விடத்திலே மீண்டும் பல்லேகமவுக்கு வருவோம். பேருந்திலேறி நாம் போவதாகக் கூறிய அவ்வூர் முன்னிருந்த இடத்தில் இப்பொழுது இல்லை. அம்பன்கங்கையோடு சேரும் களுகங்கைக்குக் குறுக்கே அணை கட்டி நீர்த்தேக்கம் அமைத்தபோது பழைய பல்லேகம நீருள் ஆழ்ந்தது. (களுத்துறையிலே கடலொடு கலக்கும் களுகங்கை வேறு, பூகோள பாடத்தில் மாணாக்கர் இரண்டையும் மயங்குவர்.) ஊரவர்க்கு வேறிடத்திலே புதிய நகரம் அமைத்து 2018 ஆம் ஆண்டிலே திறந்தனர். பெயர் பல்லேகம என்பதே. பழைய சந்தியிலேதான் இறங்குவேன் என்று பிடிவாதஞ் செய்வோன் இன்று நீரிலே இறங்கவேண்டும். குறிக்கோளைக் கைவிடுதல் வேறு, அதன் இடத்தை மாற்றுதல் வேறு என்பதற்கு மாத்தளைப் பிள்ளைகளுக்கு இதனினும் அண்மையான உதாரணம் கிடைப்பதரிது. வைத்தியராகவேண்டும் என்றெண்ணிய பிள்ளை தாதியாகவோ மருந்தாளராகவோ ஆகுமாயின் அது தோற்றதாகாது. நோயாளிக்கு அருகிலேதான் அது போய்ச் சேர்ந்திருக்கின்றது. தாயார் தகப்பனாருக்கு இதனை உணர்த்துவதே கடினம்.

நாவலரவர்கள் தம் குறிக்கோளை ஒதுக்கி வைத்த ஒரு காலமும் உண்டு. 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே பஞ்சம் வந்தபோது, அவர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி நடத்தினார். புத்தகம் காத்திருந்தது. குறிக்கோளிலே கண்ணாயிருத்தல் வேண்டும் என்று நாம் ஓயாது சொல்லுகின்றோமாதலால், கண்ணை அகற்றவேண்டிய வேளையும் ஒன்றுண்டென்பதை இதனோடு சேர்த்துச் சொல்லுதல் கடன். தம்பி காய்ச்சலாய்க் கிடக்கத் தன் பரீட்சைக்கே படித்துக்கொண்டிருந்த அக்காளை யாம் பாராட்டியதில்லை.

இன்னொன்று கூறாதொழிதல் நேர்மையாகாது. சாதி வேற்றுமையை நாவலரவர்கள் தம் காலத்தார்போலவே ஒப்புக்கொண்டு எழுதினார்கள். நல்லூரிலே கல்வியும் மதிப்பும் உடைய குடும்பத்திலே பிறந்தது அவர்கட்கு ஒரு பேறு. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் எம் மாணாக்கருக்கு அப்பேறு இல்லை; அன்றிருந்திருந்தால் அவ்வித்தியாசாலையின் வாயில் அவர்கட்குத் திறந்திருக்குமோ என்பதும் ஐயமே. ஒருமுறை இச்சரித்திரத்தைக் கேட்ட மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் இதனையே எம்மை வினாவினான். யாம் சிறிது நேரம் விடையின்றி நின்றோம். பின்பு, "அவர் விட்ட இடத்திலிருந்து நாம் போகவேண்டிய தூரம் அது" என்றோம். அவன் அவ்விடையை முற்றும் ஒப்புக்கொண்டதாகத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்ளாததும் நன்றே.

மலைநாட்டுப் பாடசாலைகளிலே இப்பாடத்தின் பாரம் வேறு. 1945 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் புறத்தே நின்றன. அவை அரசாங்கப் பாடசாலைகளானது 1970 களிலேயாம். ஒரு தலைமுறை முழுவதும் பின்தங்க விடப்பட்டது. ஆகவே இங்கே ஒரு பிள்ளை குறிக்கோள் கொள்ளும்போது, அதன் பாட்டன் முதலாகத் தவறவிட்ட சீட்டுக்கள் எல்லாம் அதன் தலையிலே ஏற்றப்படுகின்றன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வந்தால் வீடு முழுவதும் அப்பரீட்சையை எழுதுகின்றது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை, தன் வாழ்நாள் முடிந்ததென்று பத்து வயசிலே எண்ணுகின்றது. அதன்பின் சாதாரண தரம்வரை அது பாடசாலைக்கு வந்தாலும், வருவது உடம்பு மாத்திரமே. இடையிலே விலகிக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகின்ற பிள்ளைகளுட் பலர் அறிவிற் குறைந்தவரல்லர். பிறர் கொடுத்த பெருங்குறி ஒன்றிலே தோற்றபின், தமக்கென ஒரு சிறுகுறி வைத்துக்கொள்ள எவராலும் பழக்கப்படாதவர்கள்.

ஆதலால் குறிக்கோள் பிள்ளையினுடையதாயிருத்தல் வேண்டும். தகப்பனாருடையதன்று, பாடசாலையின் பெறுபேற்று வீதத்துக்குரியதுமன்று. அதனை அறிய வகுப்பிலே ஒரு வழியை யாம் கைக்கொள்ளுகின்றோம். தவணைத் தொடக்கத்திலே ஒரு தாளைக் கொடுத்து, இத்தவணை முடிவிலே தன்னாற் செய்யக்கூடியதாகவும் இன்று செய்யக்கூடாததாகவும் உள்ள ஒன்றை எழுதச் சொல்லுவோம். அதன்கீழே, நாளைக் காலை அதற்காகச் செய்வது யாது என்பதை எழுதவேண்டும். அதற்கும் கீழே, அதற்காக விடுவது யாது என்பது. தாளை மடித்து அவர்களே வைத்திருக்கலாம். வகுப்பின் நடுவே வாசிப்பித்தல் கூடாது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுவோம். ஆசிரியரும் ஒரு தாள் எழுதல் வேண்டும். எழுதாத ஆசிரியரை மாணாக்கர் முதல் மாதத்திலேயே கண்டுகொள்வர். யாம் எழுதியது, ஏழாம் வகுப்பிலே வாசிக்கத் தெரியாத நால்வரையும் தவணை முடிவுக்குள் வாசிக்கச் செய்வது என்பது. மூவர் வாசித்தனர்.

சைவ பாடசாலையிலே இப்பாடத்தை நடத்துவோர்க்கு ஒரு வினா தப்பாது வரும். எல்லாம் வினைப்பயனாயின் முயற்சி எதற்கு? வினாவும் மாணாக்கனை அதட்டி இருத்துதல் அறியாமை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூன்றனையும் பாடமாக்கிய பிள்ளை கேட்கவேண்டிய வினாவே அது. நுகர வந்தது பிராரத்தம். நுகருங்கால் இப்பொழுது செய்வது ஆகாமியம். நாம் பிறந்த லயம் முன்னது. அங்கே விளக்கேற்றிப் படிப்பது பின்னது. ஊழ் என்று ஓர் அதிகாரத்தை அறத்துப்பாலின் ஈற்றிலே வைத்த ஆசிரியரே பொருட்பாலிலே ஆள்வினையுடைமையையும் வைத்தார். ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் என்று அவர் கருதவில்லை. இவ்வளவு கூறினால் நடுவகுப்புக்குப் போதும். மேலே விரிப்பது சித்தாந்த வகுப்புக்குரியது.

எம்முடைய தவறு ஒன்றைச் சொல்லி இதனை நிறுத்துவோம். பல்லாண்டுகளுக்கு முன், இத்தாள் முறையைத் தொடங்கிய புதிதிலே, எழுதியவற்றை வகுப்பில் உரக்க வாசிப்பது எம் வழக்கமாயிருந்தது. வைத்தியர், பொறியியலாளர், விமானி என்று தாள்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு சிறுமி எழுதியிருந்தது, பதினாறாம் வாய்பாடுவரை தவறின்றிச் சொல்லவேண்டும் என்பது. நாளைக் காலைக்கு: தண்ணீர் எடுக்கப் போகும் வழியிற் பதின்மூன்றாம் வாய்பாடு. விடுவது: ஒன்றும் எழுதவில்லை. யாம் அதனை வாசித்துச் சிரித்தோம். ஆசிரியர் சிரித்தமையால் வகுப்பும் சிரித்தது. அவள் தாளை வாங்கி மடித்துப் புத்தகத்துள் வைத்துக்கொண்டாள். வகுப்பு முழுவதிலும் ஊர்ப்பெயர் சொல்லிச் சீட்டு வாங்கினவள் அவள் ஒருத்தியே என்பது எமக்கு அன்றிரவு வீட்டிலே நினைத்துப் பார்த்தபோதுதான் புலனாயிற்று. அதன்பின் நாம் எவருடைய தாளையும் வாசித்ததில்லை. தவணை முடிவிலே, மற்றப் பிள்ளைகள் போனபின், அவள் மேசைக்கருகே வந்து கேளாமலே சொல்லத் தொடங்கினாள். பதின்மூன்றேழிலே ஒருகணம் நின்றாள், விரலை மடித்தாள், தொண்ணூற்றொன்று என்று சொல்லி மேலே போனாள்.